எல்லோரும் சுவரைப் பாருங்கள்

அந்த மருத்துவமனையின் தகவல் பாதுகாப்புப் பிரிவில் பதினோரு பேர் வேலை பார்த்தார்கள். அவர்கள் பாதுகாத்தது ஒரே ஒரு பாஸ்வேர்டை.

பாஸ்வேர்டுக்குப் பதினாறு எழுத்து. அவ்வளவு பெரிய பொருளை எந்தத் தனி மனிதனையும் நம்பி ஒப்படைக்கக் கூடாது என்று பிரிவு தொடங்கிய அன்றே முடிவு செய்திருந்தார்கள். ஆகவே முதல் எட்டு எழுத்து தலைவரிடமும் பின் எட்டு எழுத்து துணைத் தலைவரிடமும் இருந்தன. மற்ற ஒன்பது பேரின் வேலை, அந்த இருவரும் தங்கள் பாதியை ஒருவருக்கொருவர் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்வது. அது சுலபமான வேலை. தலைவரும் துணைத் தலைவரும் மூன்றரை வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை. பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, எழுத்தர் மூலமாகத்தான் ஒருவருக்கொருவர் மதிய வணக்கம் சொல்லிக்கொள்வார்கள். காரணம் யாருக்கும் தெரியாது.

மாதத்தின் முதல் திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் 'திறப்பு' நடக்கும். நான்காவது மாடி நடைபாதையின் கோடியில் இரண்டு பூட்டுப் போட்ட ஓர் இரும்பு அலமாரி. உள்ளே ஸ்விட்ச். தட்டையான கறுப்புப் பெட்டி, நாற்பத்தெட்டு துளை, துளைக்கு ஒரு ஒயர். தீவிர சிகிச்சை வார்டில் ஒவ்வொரு கட்டில் அருகிலும் இருக்கும் சின்னத் திரையிலிருந்து ஒயர் கிளம்பி, இந்தப் பெட்டிக்குள் புகுந்து, நடைபாதைத் திருப்பத்தில் இருக்கும் நர்ஸ் மேஜைத் திரைக்குப் போய்ச் சேரும். நோயாளியின் மூச்சோ இதயமோ தடுமாறினால் மணி அடிப்பது அங்கேதான். கட்டில் அருகே சத்தமே வராது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெரிய மனிதர் வந்து படுத்தபோது பக்கத்துக் கட்டில் மணிச் சத்தம் அவர் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. மறுநாளே எல்லாக் கட்டிலிலும் ஒலிபெருக்கியைக் கழற்றிவிட்டார்கள். அவர் போன பிறகு மாட்டுவதற்கு யாரும் சொல்லவில்லை.

திறப்பு அன்று பிரிவு முழுவதும் அலமாரி முன் கூடும். உள்ளே ஒரு தட்டில் பழைய லேப்டாப் இருக்கும். எழுத்தர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எல்லாரும் சுவரைப் பாருங்க!" என்பார். தலைவரைத் தவிர எல்லோரும் சுவரைப் பார்ப்பார்கள். தலைவர் தன் பாதியைத் தட்டுவார். தட்டும் எழுத்து திரையில் தெரியாது, ஒரு புள்ளிகூட விழாது, அதுவும் பாதுகாப்புதான். பிறகு தலைவர் சுவரைப் பார்க்க, துணைத் தலைவர் தன் பாதியைத் தட்டி என்டரை அழுத்துவார். திரை திறக்கும். பதினோரு பேரும் அதை இரண்டு நிமிஷம் திருப்தியோடு பார்ப்பார்கள். மூடுவார்கள். 'திறந்தது, மூடப்பட்டது' என்று எழுத்தர் பதிவேட்டில் எழுதுவார். பிறகு டீ.

இந்தக் கூட்டத்தில் சேராமல், ஏணியைப் பிடித்துக்கொண்டு கடைசியில் நின்று சுவரைப் பார்க்கும் பன்னிரண்டாவது ஆள் ஒருவர் இருந்தார். மருத்துவமனையின் ஒயர்களை இழுப்பது, மாற்றுவது, எலி கடித்ததை ஒட்டுவது எல்லாம் அவர்தான். அவரை எல்லோரும் 'ஒயர்' என்றே கூப்பிட்டார்கள்.

ஒயரின் அக்கா அந்த மாதம் நான்காவது மாடியில் ஆறாம் கட்டிலில் இருந்தாள். நுரையீரல் கோளாறு. நீதிமன்ற வாசலில் நகல் எடுக்கும் கடை வைத்து, இருபது வருஷம் வக்கீல்களோடு வாயாடி வாயாடியே மூச்சைச் செலவழித்துவிட்டதாக அவளே சொல்லிக்கொள்வாள். அவளுக்குத் தம்பியைத் தவிர வேறு ஆள் இல்லை. அவள் விரலில் ஒரு கிளிப். அது ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று திரைக்குச் சொல்லும். தொண்ணூறுக்குக் கீழே போனால் நர்ஸ் மேஜையில் மணி.

"டேய், இதைக் கழட்டினா நிஜமாவே ஓடி வருவாங்களா?" என்று கேட்டுக்கொண்டே அக்கா முதல் நாளே கிளிப்பைக் கழற்றினாள்.

பதினைந்து எண்ணுவதற்குள் வார்டு நர்ஸ் ஓடிவந்தாள். கிளிப் அக்காவின் மடியில் கிடப்பதைப் பார்த்தாள்.

"அம்மா, எனக்கு இங்க பதினாலு கட்டில். இன்னொரு தடவை இப்படி விளையாண்டீங்க, விரலோட சேர்த்து ஒட்டிவிட்டுடுவேன்."

"கோவிச்சுக்காதம்மா. மெஷின் வேலை செய்யுதான்னு பார்த்தேன். எங்க கடை மெஷின் முக்கால்வாசி நேரம் செய்யாது."

அடுத்த புதன்கிழமை ஒயர் அலமாரியைத் தூசி தட்டினார். சாவி அவரிடம் உண்டு, ஏனென்றால் தூசி ரகசியமல்ல. துணியால் லேப்டாப்பைத் துடைத்தபோது அது விழித்துக்கொண்டு பாஸ்வேர்டு கேட்டது. துணி என்டர் மேல் ஏறி இறங்கியது. திரை திறந்துகொண்டு, 'நிர்வாகியே, வருக' என்றது.

ஒயர் கையை எடுத்துக்கொண்டார். மூடினார். இந்த முறை துணி இல்லாமல், ஒன்றும் எழுதாமல், என்டரை மட்டும் அழுத்தினார். நிர்வாகியே, வருக.

அந்தத் திரையிலிருந்து எந்தக் கட்டிலின் ஒயரையும் துண்டிக்கலாம். மொத்தமாகவும் துண்டிக்கலாம். ஆறாம் கட்டிலின் எண்ணும் அதில் இருந்தது. அந்தப் பக்கத்துக்கு வர அலமாரிவரை வரவேண்டியதுகூட இல்லை. மருத்துவமனையின் எந்தக் கணினியிலிருந்தும் ஸ்விட்சின் முகவரியைத் தட்டினால் போதும். இரண்டு பூட்டும் மரியாதைக்காகப் போட்டவை.

ஸ்விட்ச் செய்த நிறுவனத்தின் பக்கத்தைத் தேடிப் பார்த்தார். இது அவர்களுக்கே தெரிந்த ஓட்டை. மென்பொருளில் ஒரு பிழை, வெற்றுப் பாஸ்வேர்டைச் சரியானது என்று எடுத்துக்கொள்கிறது, திருத்திய பதிப்பு இதோ, நிறுவ ஏழு நிமிஷம் ஆகும் என்று அறிவித்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அந்த அறிவிப்பு பிரிவுக்கும் வந்திருந்தது. வந்த அன்றே அதில் 'மிக ரகசியம்' என்று முத்திரை குத்திப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். முத்திரை குத்தியதை யாரும் படிக்கக் கூடாது என்பது விதி.

ஒயர் தலைவர் அறைக்குப் போனார்.

"உள்ள போனீங்களா?" என்றார் தலைவர்.

"போகலைங்க. அதுவா திறந்துச்சு."

"திறந்தா? பக்கத்து வீட்டுக் கதவு திறந்து கிடந்தா உள்ள போயிடுவீங்களா?"

"திறந்து கிடக்குன்னு அந்த வீட்டுக்காரர்கிட்ட போய்ச் சொல்லுவேங்க. அதுக்குத்தான் இங்க வந்தேன்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாருங்க ஒயர். நம்ம பாஸ்வேர்டு பதினாறு எழுத்து. அதுல எண் இருக்கு, குறி இருக்கு, பெரிய எழுத்து சின்ன எழுத்து எல்லாம் இருக்கு. உலகத்துல இருக்கற அத்தனை கம்ப்யூட்டரையும் சேர்த்துக் கட்டி இழுத்தாலும் அதை உடைக்க நானூறு கோடி வருஷம் ஆகும். நீங்க ஒரு தூசித் துணியால உடைச்சுட்டேங்கறீங்க."

"உடைக்கலைங்க. அது பாஸ்வேர்டைக் கேக்கவே இல்லை."

"கேக்காததுக்குப் பாஸ்வேர்டு எப்படிங்க பொறுப்பாகும்? இது பாஸ்வேர்டோட பலவீனம் இல்லை. உங்க ஒழுக்கத்தோட பலவீனம்."

இருந்தாலும் கமிட்டி கூடியது. ஒயரை மேஜையின் கால்மாட்டில் உட்காரவைத்தார்கள். கண்டுபிடித்ததை யாரிடமும் சொல்லமாட்டேன் என்று முதலில் ஒரு கையெழுத்து. கையெழுத்துப் போட்டதைச் சொல்லமாட்டேன் என்று இரண்டாவது. மூன்றாவது தாள் எதற்கென்று கேட்டதற்கு, அது ரகசியம் என்றார் எழுத்தர். அதிலும் போட்டார்.

"வார்டுல பதினாலு பேர் படுத்திருக்காங்கய்யா. அதுல ஒண்ணு எங்கக்கா," என்றார் ஒயர். "யாராவது விளையாட்டுக்கு அந்தப் பக்கத்துல கை வெச்சா நர்ஸ் மேஜை இருட்டாயிடும். மணி அடிக்காது. ஏழு நிமிஷ வேலை. திருத்தின பதிப்பைப் போட்டுட்டா போதும், பாஸ்வேர்டு இல்லாம யாரையும் விடாது."

"யாரையும்?" என்றார் துணைத் தலைவர்.

"யாரையும்."

தலைவர் தண்ணீர் குடித்தார். துணைத் தலைவரும் குடித்தார். கமிட்டியில் சிறிது நேரம் தண்ணீர் இறங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"தலைவர்கிட்ட சொல்லுங்க," என்று துணைத் தலைவர் எழுத்தரிடம் சொன்னார், "புதுப் பதிப்பெல்லாம் ஆபத்து. பாஸ்வேர்டை முப்பத்திரண்டு எழுத்தா நீட்டிடலாம். ஓட்டை பெருசுன்னா பூட்டும் பெருசா இருக்கணும்."

"நல்ல யோசனைன்னு துணைத் தலைவர்கிட்ட சொல்லுங்க," என்றார் தலைவர்.

"புதுசு போடணும்னா முதல்ல பழசை அடிக்கணும்ங்க," என்றார் ஒயர்.

மறுபடி தண்ணீர். "இதெல்லாம் அவசரப்பட்டுச் செய்யற காரியம் இல்லை," என்று தலைவர் முடித்தார். அந்த வருஷத்தில் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

ஆனால் கமிட்டி கூடிவிட்டு ஒன்றும் செய்யாமல் கலைந்தது என்ற பெயர் வரக் கூடாதல்லவா? எழுத்தரிடம் ஓர் அறிவிப்பு எழுதச் சொன்னார்கள். எழுத்தர் எதையும் தெளிவாக எழுதுபவர். மறுநாள் காலை ஆறு மாடியிலும், லிஃப்டிலும், உணவகத்திலும், பார்வையாளர் கூடத்திலும் அது ஒட்டப்பட்டிருந்தது.

'எச்சரிக்கை. கீழ்க்கண்ட முகவரியில் உள்ள ஸ்விட்சில், பாஸ்வேர்டு கேட்கும் இடத்தில் எதுவும் எழுதாமல் என்டர் பொத்தானை மட்டும் அழுத்தி உள்ளே நுழைவது கண்டிப்பாகத் தடை செய்யப்பட்டுள்ளது.'

எந்த முகவரிக்குப் போகக் கூடாது என்று தெரியாமல் பொதுமக்கள் தவறிப் போய்விடக் கூடாதென்று முகவரி தடித்த எழுத்தில் இருந்தது.

ஒயர் ஏணியைத் தூக்கிக்கொண்டு மாடி மாடியாக ஓடிக் கிழித்தார். இரண்டாவது மாடியில் காவலர் பிடித்துக்கொண்டார். "பாதுகாப்பு அறிவிப்பைக் கிழிக்கறியா? உனக்கு என்ன தைரியம்?"

"அண்ணே, அதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சீங்களா?"

"படிச்சேன். செய்யக் கூடாதுன்னு போட்டிருக்கு. நான் செய்யல. நீயும் செய்யாதே."

வெள்ளிக்கிழமை காலை பதினொன்றே காலுக்கு யாரோ செய்தார்கள். பரிசோதனை முடிவுக்குக் காத்திருந்து அலுத்துப்போன யாரோ ஒருவர், பார்வையாளர் கூடத்துக் கணினியில். அவருக்குக் கெட்ட எண்ணம் இருந்ததாகத் தெரியவில்லை. நிர்வாகியே, வருக என்று அழைத்திருக்கிறது, போயிருக்கிறார், அங்கே இருந்த பொத்தான்களில் ஒன்றைத் தட்டியிருக்கிறார். நர்ஸ் மேஜைத் திரை பதினொரு நிமிஷம் இருட்டாக இருந்தது.

அந்த நேரத்தில் அக்காவின் ஆக்சிஜன் குழாய் மூக்கிலிருந்து நழுவியிருந்தது. அவளுடைய எண் எண்பத்தைந்து ஆயிற்று. எழுபத்தெட்டு ஆயிற்று. எங்கும் சத்தம் இல்லை. மூன்றாம் கட்டிலுக்குப் போர்வை மாற்ற வந்த நர்ஸ் தற்செயலாகத் திரும்பிப் பார்த்தபோது அது எழுபத்தொன்று.

ஒயர் போய்ச் சேர்ந்தபோது அக்காவின் உதடு இன்னும் நீலம் மாறவில்லை. நர்ஸ் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒயர் அண்ணே, மணி அடிக்கல," என்றாள். "நான் எங்கயும் போகல, மேஜைக்குப் பக்கத்துலதான் நின்னேன். சத்தியமா அடிக்கல."

"தெரியும்மா."

அக்கா மூச்சைச் சேகரித்துக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையாகப் பேசினாள். "அன்னைக்கு... சும்மா கழட்டினப்போ... ஓடி வந்தா. இன்னைக்கு நிஜமா... ஒருத்தரையும் காணோம். என்னை ஏமாத்துக்காரின்னு... நெனச்சுட்டாங்களோன்னு பார்த்தேன்."

பிரிவு அன்று மாலையே அறிக்கை கொடுத்தது. பாஸ்வேர்டு திருடப்படவில்லை, ஊகிக்கப்படவில்லை, உடைக்கப்படவில்லை. ஆகவே பாதுகாப்பு மீறல் எதுவும் நடக்கவில்லை. பாஸ்வேர்டு முழுப் பாதுகாப்போடு இருக்கிறது. நோயாளியைப் பற்றி அறிக்கையில் ஒன்றும் இல்லை. அது மருத்துவத் துறையின் விஷயம்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஒயர் நர்ஸிடம் போனார். "ஏழு நிமிஷம் உன் திரை இருட்டாகும். மேஜையை விட்டுட்டு வார்டுக்குள்ளயே நிக்கறியா? இன்னொரு நர்ஸையும் கூப்பிட்டுக்கோ."

நர்ஸ் எதற்கு என்று கேட்கவில்லை. "பத்து நிமிஷமானாலும் நிக்கறேன். பண்ணுங்க," என்றாள்.

ஒயர் அலமாரியைத் திறந்தார். பாஸ்வேர்டு கேட்ட இடத்தில் ஒன்றும் எழுதாமல் என்டரை அழுத்தினார். திருடன் வரும் வழியாகவே உள்ளே போய், திருத்திய பதிப்பை நிறுவினார். ஏழு நிமிஷம் பெட்டியின் பச்சை விளக்குகள் அணைந்திருந்தன. அவர் வாட்சைப் பார்த்துக்கொண்டே நின்றார். விளக்குகள் ஒவ்வொன்றாக வந்தன. மறுபடி என்டரை மட்டும் அழுத்திப் பார்த்தார். 'பாஸ்வேர்டு தவறு' என்றது ஸ்விட்ச். பார்வையாளர் கூடத்துக்குப் போய் அங்கிருந்தும் அழுத்திப் பார்த்தார். தவறு. அன்று மதியம் அவர் இரண்டு தட்டு சாப்பிட்டார்.

திங்கட்கிழமை திறப்பு.

"எல்லாரும் சுவரைப் பாருங்க!"

ஒயர் சுவரைப் பார்த்தார். இத்தனை நாளும் அவர் காது கொடுத்துக் கேட்டதில்லை. அன்று கேட்டார். தலைவர் தட்டும் சத்தம் வந்தது. டக், டக், டக். எட்டு முறை. லேப்டாப்பின் பொத்தான்களை அவர் பல வருஷமாகத் துடைத்து வருகிறார், அவற்றின் சத்தம் அவருக்குத் தெரியும். இது அது இல்லை. இது இரும்புத் தட்டின் விளிம்பில் நகம் படும் சத்தம்.

பிறகு துணைத் தலைவர். டக், டக், டக். எட்டு முறை. இவர் நகம் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான் வித்தியாசம். கடைசியில் ஒரே ஒரு நிஜமான பொத்தான், என்டர்.

'பாஸ்வேர்டு தவறு.'

யாரும் திரும்பச் சொல்லாததால் யாரும் திரும்பவில்லை. எழுத்தர்தான் சுவரைப் பார்த்தபடியே, "முடிஞ்சுதுங்களா?" என்று கேட்டார்.

"மறுபடி," என்றார் தலைவர்.

மறுபடி நகம், மறுபடி நகம், என்டர். தவறு. மூன்றாவது முறையும் தவறானதும், பதினைந்து நிமிஷம் கழித்து முயலவும் என்று சொல்லிவிட்டு ஸ்விட்ச் மூடிக்கொண்டது. திருத்திய பதிப்பின் குணம் அது. பதினைந்து நிமிஷமும் ஒன்பது பேரும் ஒயரும் சுவரைப் பார்த்தே நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் தலைவரும் துணைத் தலைவரும், மூன்றரை வருஷத்துக்குப் பிறகு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நடந்தது இதுதான். பிரிவு தொடங்கிய ஐந்தாவது மாதம் தலைவர் தன் எட்டு எழுத்தை மறந்துபோனார். எழுதிவைக்கக் கூடாது என்று விதி போட்டவரே அவர்தான். வெளியே சொல்ல முடியுமா? விளிம்பைத் தட்டினார். துணைத் தலைவர் தன் முறையை முடித்ததும் திரை திறந்தது. அப்படியானால் துணைத் தலைவன் என் பாதியையும் திருடித் தெரிந்துவைத்திருக்கிறான், பதினாறையும் அவனே அடிக்கிறான் என்று தலைவர் முடிவுகட்டினார். பேச்சை நிறுத்தினார். துணைத் தலைவருக்கு மறந்ததும் அதே மாதம்தான். அவரும் விளிம்பைத் தட்டிவிட்டு, போனால் போகட்டும் என்று என்டரை அழுத்தினார். திறந்தது. தலைவன் முதலிலேயே பதினாறையும் அடித்துவைத்துவிடுகிறான் என்று இவருக்குப் புரிந்தது. இவரும் பேச்சை நிறுத்தினார். மூன்றரை வருஷம் இரண்டு பேரும், திருட்டுப்போகாத ஒன்றுக்காக ஒருவரை ஒருவர் வெறுத்து, வெற்றிடத்தின் மேல் என்டரை அழுத்தி அழுத்தித் திறந்திருக்கிறார்கள். ஓட்டை என்று ஒயர் சொன்னதுதான் பிரிவுக்கு இருந்த ஒரே வாசல்.

இப்போது இருவருக்கும் ஒரே சமயத்தில் விளங்கியது. விளங்கியதைச் சொல்ல முடியாது. பதினைந்து நிமிஷம் முடிந்ததும் தலைவர் துணைத் தலைவரின் தோளில் கைபோட்டார்.

"ஸ்விட்சை யாரோ கெடுத்திருக்காங்க," என்றார்.

"ஆமாங்க, நானும் அதைத்தான் நெனச்சேன்," என்றார் துணைத் தலைவர். எழுத்தர் மூலமாக அல்ல, நேரடியாகவே.

பிரிவில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

விசாரணை அன்றே நடந்தது. ஒயர் மறைக்கவில்லை. "நான்தான் போட்டேன். எப்படி உள்ள போனேன்னு கேட்டா, நீங்க லிஃப்டுல ஒட்டியிருந்தீங்களே, அப்படித்தான்."

"அனுமதி இல்லாத மாற்றம்," என்று எழுத்தர் எழுதிக்கொண்டார்.

"பழைய மாதிரியே ஆக்குங்க," என்றார் தலைவர்.

"பாஸ்வேர்டு குடுங்க, ஆக்கறேன். பாஸ்வேர்டு இல்லாம இப்ப என்னாலயும் உள்ள போக முடியாது." ஒயர் ஒருவர் முகத்தை விட்டு இன்னொருவர் முகத்துக்குப் பார்வையை நகர்த்தினார். "முதல் எட்டு இவர் சொல்லட்டும். பின் எட்டு அவர் சொல்லட்டும். நான் சுவரைப் பார்த்துக்கறேன்."

அறையில் யாரோ இருமினார்கள். தலைவர் எழுந்து நின்றார். அவர் ஆற்றிய உரை பதிவேட்டில் அப்படியே இருக்கிறது.

"நண்பர்களே, நாலு வருஷமா இந்த ஸ்விட்சைத் திறந்துக்கிட்டு வர்றோம். ஒரு மாசம் தவறினதில்லை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவைகூட, அது நம்மளைத் தடுத்ததில்லை. இந்த மனுஷன் கை வெச்ச மூணாம் நாள் நம்மளையே வெளிய நிறுத்திடுச்சு. பாதுகாப்புன்னா என்ன? உள்ள போக வேண்டியவங்க உள்ள போறது. அதுல கூடவே நாலு பேர் போயிட்டா, அது நிர்வாகச் சிக்கல். ஆனா போக வேண்டியவனே போக முடியலைன்னா, அது அவமானம். எனக்கு நோயாளிங்க மேல இரக்கம் இல்லைன்னு நினைக்காதீங்க. நோயாளி வருவாங்க, போவாங்க. பிரிவு இருக்கணும்."

கைதட்டினார்கள்.

தீர்ப்பு எழுத்தில் வந்தது. ஒயர் வேலையிலிருந்து நீக்கப்படுகிறார். நான்காவது மாடியில் ஸ்விட்ச் இருப்பதால் அவர் அங்கே கால் வைக்கக் கூடாது. நோயாளியைப் பார்ப்பதென்றால் மாலை நாலிலிருந்து ஐந்துவரை, காவலரோடு.

செவ்வாய்க்கிழமை காலை, கிடங்கிலிருந்து அதே மாதிரி இன்னொரு ஸ்விட்சைத் தூசி தட்டிக் கொண்டுவந்தார்கள். பழைய மென்பொருள், பழைய பிழை. திருத்தியதைக் கழற்றி அதை மாட்டினார்கள். சிறப்புத் திறப்பு ஒன்று நடந்தது. எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். நகம், நகம், என்டர். நிர்வாகியே, வருக. பத்து மணிக்கு எல்லோருக்கும் டீயோடு கேக்கும் கொடுத்தார்கள்.

கருவிப் பையை ஒப்படைத்துவிட்டு, அக்காவிடம் சொல்லிக்கொண்டு வர ஒயருக்குப் பத்து நிமிஷம் கிடைத்தது. காவலர் வார்டு கதவருகே நின்றுகொண்டார்.

"போச்சா?" என்றாள் அக்கா.

"போச்சு."

"நல்லதாப் போச்சு. இனிமே ஏணியில இருந்து விழமாட்டே." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "மூஞ்சியைத் தொங்கப் போடாதே. இங்க சாகக் கிடக்கறது நானா நீயா?"

ஒயர் அவள் மூக்குக் குழாயைச் சரிசெய்தார். பிளாஸ்திரியால் கன்னத்தோடு சேர்த்து இன்னொரு முறை ஒட்டினார். பிறகு வழக்கம்போலத் திரையைப் பார்த்தார். தொண்ணூற்று மூன்று. தொண்ணூற்று இரண்டு. தொண்ணூற்று மூன்று.

ஏழாம் கட்டிலில் இருந்தவருடைய மனைவி முக்காலியில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் கண்டக்டர். காக்கிச் சட்டையோடுதான் இருந்தாள்.

"ஏங்க," என்றாள், "நீங்க எப்ப வந்தாலும் அந்த டப்பாவையே முறைச்சுப் பாக்கறீங்களே. ஏதாச்சும்னா அங்க மணி அடிக்குமாமே, நர்ஸம்மா சொன்னாங்க."

ஒயர் மூன்று தாளில் கையெழுத்துப் போட்டிருந்தார். காவலரைப் பார்த்தார். காவலர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சில நேரம் அடிக்காது," என்றார்.

"ஏன்?"

"மேஜைத் திரையை யார் வேணாலும் அணைக்கலாம். எங்கயோ உக்காந்துக்கிட்டு, பொழுதுபோகாம. வெள்ளிக்கிழமை எங்கக்காவுக்கு அப்படித்தான் ஆச்சு."

அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். "இது இங்க இருக்கற பெரியவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

ஒயர் அக்காவின் போர்வையை இழுத்துவிட்டார். அவள் முக்காலியை இழுத்து இரண்டு கட்டிலுக்கும் நடுவில் போட்டுக்கொண்டாள்.

"எந்த நம்பருக்குக் கீழ போனா நான் கத்தணும்?"

"தொண்ணூறு."

"ரெண்டு பேருக்கும் அதானே?"

"ரெண்டு பேருக்கும் அதான்."

"சரி, போங்க. முன் படியிலயும் பின் படியிலயும் ஒரே நேரத்துல கண்ணு வெச்சே பதினெட்டு வருஷம் ஓட்டியாச்சு. ரெண்டு டப்பா பெரிய விஷயமா? ஆனா ஆறு மணிக்கு எனக்கு டூட்டி."

"நான் நாலு மணிக்கு வருவேன்."

"ஒரு மணி நேரம்தானே விடுவாங்க? அஞ்சுலேர்ந்து ஆறு நான் பாத்துக்குவேன். ஆறுக்கு மேல?"

காவலர் கதவைத் தட்டினார். "ஒயர், நேரமாச்சு. என் வேலைக்கும் உலை வெச்சுடாதே."

ஆறுக்கு மேல் யார் என்று ஒயருக்குத் தெரியவில்லை. அக்கா போ என்று கையை ஆட்டினாள். கிளிப் மாட்டாத கை. அவர் கதவுவரை நடந்து, கண்ணாடி வழியாக ஒருமுறை திரும்பிப் பார்த்தார். கண்டக்டர் அம்மாள் இரண்டு திரைகளிலிருந்தும் கண்ணை எடுக்காமல், எட்டாம் கட்டில் அருகே நாளிதழ் படித்துக்கொண்டிருந்த ஆளை நோக்கி விரலைச் சொடுக்கினாள்.

"சார், அந்தப் பேப்பரை மடிச்சு வெச்சுட்டு இப்படி வாங்க. உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."